வெளியே போனவரை அழைப்பது

12 நவம்பர் 2025, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சின்னது என்று எழுதிவிட்டேன், நிச்சயமாகத் தெரியவில்லை. காவிரிப் பாலம் வரும்வரை தவறு நடந்ததே எனக்கு உறைக்கவில்லை.

மாலை வகுப்பில் இன்று மாதிரி போர்டு மீட்டிங். மாதவன் சார் பகலில் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறார். மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் எங்களுக்கு கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்ற கம்பெனி நிர்வாகப் பாடம் நடத்துகிறார். அவ்வப்போது எங்களை ஒரு கற்பனைக் கம்பெனியின் டைரக்டர்களாக உட்கார வைப்பார். கம்பெனியின் பெயர் முக்கொம்பு ஜூஸ் பிரைவேட் லிமிடெட். பெயர் வைத்தவன் என்னோடு படிக்கும் பிரவீன்ராஜ். "ஆறே ரெண்டாப் பிரியற இடம் சார். போர்டு சண்டைக்குப் பொருத்தமா இருக்கும்" என்றான்.

நான் செக்ரட்டரி. நிகழ்ச்சி நிரலைப் படிப்பது, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, நடந்ததைக் குறித்து மினிட்ஸ் எழுதுவது, யாராவது எழுந்து வெளியே போனால் மறுபடி அழைப்பது, எல்லாம் என் பொறுப்பு.

மூன்றாவது விஷயம் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுப்பது. கதைப்படி அந்தக் கிடங்கு ஒரு டைரக்டருக்குச் சொந்தம். அந்த டைரக்டராக இருந்தவர் நஜீமா அம்மா. எங்கள் வகுப்பில் மூத்தவர் அவர்தான், வயது எண்பத்தெட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் கிடங்கு என்னோடது. நான் இந்தப் பேச்சுல இருக்கக் கூடாது. முடிஞ்சதும் கூப்பிடுங்க தம்பி."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். இன்னொரு மாணவி அல்ஷிஃபா ஒரு நாற்காலியை முன் கதவுக்கு வெளியே வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

வாடகை அதிகம் என்று பிரவீன்ராஜ் பிடித்துக்கொண்டான். பேச்சு நீண்டது. வெளியே இடி இடித்தது. மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று சார் வாக்கெடுப்பை அவசரமாக முடித்தார். எங்கள் அறைக்கு இரண்டு கதவுகள். பின் கதவுப் படிக்கட்டு நேராகப் பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்கும். எல்லோரும் அதன் வழியாக இறங்கி ஓடினோம்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வழக்கம்போல மினிட்ஸை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். மூன்றாவது விஷயம். நஜீமா அவர்கள் தமது தொடர்பைத் தெரிவித்து வெளியேறினார். விவாதம். வாக்கெடுப்பு. அடுத்து 'நஜீமா அவர்கள் மீண்டும் வந்து அமர்ந்தார்' என்ற வரி வர வேண்டும். அது எங்கே என்று தேடினேன். பஸ் பாலத்தின் நடுவில் இருந்தது.

மாம்பழச் சாலையில் இறங்கி போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. அவரை வகுப்புக்கு அழைத்து வந்து அழைத்துப் போகும் ஆட்டோக்காரர் ரெங்கராஜின் எண் இருந்தது. அவர் எடுத்தார்.

"கீழ நின்னுக்கிட்டே இருந்தேங்க. எல்லாரும் போயிட்டாங்க, இவங்க வரல. மேல போய்ப் பாத்தா லைட்டெல்லாம் அணைச்சாச்சு. வராந்தாவுல நாற்காலில கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னம்மா இதுன்னா, 'இன்னும் கூப்பிடலையே'ங்கறாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. ஆமா, நீங்க யாரு?"

யார் என்று சொன்னேன்.

"வீட்ல எறக்கி விட்டுட்டேன். அவங்க மகன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

13 நவம்பர், வியாழன்

அலுவலகத்தில் இரண்டு ரிட்டர்ன்களைத் தப்பாகப் பதிவேற்றி, திரும்ப எடுத்துச் சரி செய்தேன்.

நஜீமா அம்மாவைப் பற்றி இந்த டயரியில் நான் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பாலக்கரையில் இருக்கிறார். கணவர் பைப், பெயிண்ட் மொத்த வியாபாரக் கம்பெனி நடத்தி இறந்துபோனார். இப்போது மகன் ரஃபீக் நடத்துகிறார். அந்தக் கம்பெனியில் இவர் முப்பது வருடமாக டைரக்டர். போன வருடம் ஞாபகம் தடுமாறத் தொடங்கியதும் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். புதிதாக ஏதாவது படிக்கச் சொல்லுங்கள், தெரிந்ததையே திருப்பித் திருப்பிச் செய்வதில் மூளைக்கு வேலை இல்லை என்று அவர் சொன்னாராம். முதல் நாள் வகுப்பில் நஜீமா அம்மா அதை எங்களிடம் சொன்னார். "குர்ஆன் ஓதறது மனசுக்கு. டாக்டர் கேட்டது மூளைக்கு. பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்துக் கட்டம் எனக்குப் புடிக்காது. நான் டைரக்டர்ங்கறாங்க, அப்படின்னா என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

பிரவீன்ராஜ் அன்றே வாயைக் கொடுத்தான். "படிச்சுட்டு எந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்க பாட்டி?"

"மேல இருக்கற கம்பெனிக்கு. அங்கதான் ஒண்ணு விடாம கணக்குக் கேப்பாங்களாம்" என்றார். அதற்குப் பிறகு அவன் அவரைப் பாட்டி என்று கூப்பிடவில்லை. மேடம் என்கிறான்.

அவர் நன்றாகப் படிக்கிறார் என்று எழுத ஆசை. உண்மை அப்படி இல்லை. புதன் நடத்தியது வெள்ளிக்கிழமை பாதிதான் இருக்கும். ஓரங்களில் எழுதி வைப்பார், எழுதிய பக்கத்தைத் தேடுவார், கிடைத்ததும் சின்னப் பிள்ளைபோல முகம் மாறும். கோரம் என்ற ஒன்றை மட்டும் மறப்பதே இல்லை. எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பது அவருக்குப் பிடித்த கேள்வி.

மதியம் மாதவன் சார் போன் செய்தார்.

"நவநீதன், அவங்க மகன் கூப்பிட்டார். இனிமே அனுப்ப மாட்டேங்கறார். எங்க இருக்கோம்னே தெரியாம இருட்டுல உட்கார்ந்திருந்தாங்களாம்."

"அப்படி இல்ல சார். கூப்பிடற வரைக்கும் வரக் கூடாதுன்னு உட்கார்ந்திருந்தாங்க. நான்தான் கூப்பிடல."

"எனக்குத் தெரியும். நானும்தான் கவனிக்காம எந்திரிச்சேன். அவர்கிட்ட சொன்னேன். சார், நீங்க அவங்களுக்காகப் பேசறீங்கன்னுட்டார்."

அவர் என்னை அந்த வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

14 நவம்பர், வெள்ளி

நஜீமா அம்மாவின் நாற்காலியில் யாரோ ஈரக் குடையை மாட்டியிருந்தார்கள். எடுத்துவிடலாமா என்று நினைத்து, எடுக்காமல் இருந்தேன்.

வகுப்பின் தொடக்கத்தில் சார் ஒரு திருத்தம் சொன்னார். புதன்கிழமை அவர் சொல்ல விட்டுப்போனது. முக்கொம்பு ஜூஸ் ஒரு பிரைவேட் கம்பெனி. பிரைவேட் கம்பெனியில், தனக்கு இந்த விஷயத்தில் தொடர்பு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட டைரக்டர், பேச்சில் கலந்துகொள்ளலாம். எழுந்து போக வேண்டியதே இல்லை.

"அப்ப மேடம் சும்மாவா வெளிய உட்கார்ந்திருந்தாங்க?" என்றான் பிரவீன்ராஜ். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

செக்ரட்டரி நான். அந்த விதி என் பாடக்குறிப்பிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பச்சை மையில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அடுத்த பாடம், திங்கள்கிழமை: டைரக்டரின் ராஜினாமா.

15 நவம்பர், சனி

அரை நாள் வேலை. மதியம் பாலக்கரை போவதாக இருந்தேன். மழை. போகவில்லை.

மழை மூன்று மணிக்கே விட்டுவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

காலையில் போனேன். கீழே பைப் கிடங்கு, மாடியில் வீடு. செருப்பைக் கழற்றும்போது, சொல்ல வேண்டியதை மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் தவறு. அவர் விதிப்படிதான் நடந்துகொண்டார். அவருடைய அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்றையும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

ரஃபீக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த செக்ரட்டரியா? வாங்க, உக்காருங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் களைத்துப்போய் இருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். நான் மூன்றையும் சொன்னேன். வரிசை மாறிவிட்டது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"தம்பி, வீடு தேடி வந்து தப்பு உங்களுதுன்னு சொல்றீங்க. சரி. போன மாசம் கேஸ் அடுப்ப ரெண்டு தடவ திறந்து விட்டுட்டு வந்துட்டாங்க. போன வாரம் என்னைப் பாத்து தவறிப்போன எங்க அத்தா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதுக்கும் நீங்கதான் காரணமா?"

நான் டீயைப் பார்த்தேன்.

"கோவத்துல கேக்கல. எனக்கும் அறுபத்தொண்ணு ஆச்சு. ராத்திரி அவங்க ரூம்ல சத்தம் கேட்டா நான் எந்திரிக்கணும். சத்தமே கேக்கலன்னாலும் எந்திரிக்கணும்."

"மாமி விழுந்தா தூக்கறதுக்கு நாங்க ரெண்டு பேர்தான். பிள்ளைங்க துபாய்ல இருக்கு" என்றார் அவர் மனைவி. "அந்த இருட்டுல எந்திரிச்சு படிக்கட்டுல கால வெச்சிருந்தா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் நான்கு நாட்களாக யோசித்தேன். எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது என் கணக்கிலேயே வரவில்லை.

"அதான் முடிவு பண்ணிட்டோம்" என்றார் ரஃபீக். "கிளாஸ் வேணாம். கம்பெனியிலயும் டைரக்டரா இருக்க வேணாம். வருஷா வருஷம் டைரக்டர் பதிவுக்குப் போட்டோ, ஓடிபின்னு அவங்களப் போட்டு அலைக்கழிக்க வேண்டியிருக்கு. ராஜினாமா டைப் பண்ணியாச்சு. கையெழுத்து மட்டும் பாக்கி."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வருத்தப்படுவாங்க."

பக்கத்து அறை வாசலில் ஒரு திரை தொங்கியது. தரைக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் ஒரு நாற்காலியின் கால்களும், அதற்கு முன்னால் சேர்த்து வைத்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

இதைத் திட்டமிட்டு நான் செய்யவில்லை. திட்டமிட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"அவங்கள உள்ள கூப்பிடலாமா?" என்றேன்.

ரஃபீக் மனைவியைப் பார்த்தார். இருவரும் ஆம் என்று சொல்லவில்லை. நான் எழுந்து திரை அருகே போய், வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். "நஜீமா அம்மா, நீங்க உள்ள வரலாம்."

திரை விலக நேரமானது. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி வந்தார்.

"புதன்கிழமை போனவள ஞாயித்துக்கிழமை கூப்பிடறீங்களே தம்பி. அதுவரைக்கும் உக்காந்திருக்கேன் பாருங்க" என்றார்.

ரஃபீக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மா, இந்தத் தம்பி தன் மேல தப்புன்னு சொல்லுது. நீங்க கூப்பிடுவாங்கன்னுதான் உக்காந்திருந்தீங்களாம்."

"தம்பி மறந்தது நெஜம்தான்." இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "நானும் வந்ததுலேர்ந்து அதைத்தான் யோசிக்கிறேன் ரஃபீக். மொதல்ல கூப்பிடுவாங்கன்னுதான் இருந்தேன். உள்ள சத்தம் கேட்டுச்சு, கிடங்கு வாடகை பத்திப் பேசறாங்கன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. லைட்ட அணைச்சாங்க. அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம், நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு எனக்கே தெரியல. சும்மா இருட்டு. அவ்வளவுதான். ரெங்கராஜ் வந்து என்னம்மான்னு கேட்டப்பதான், ஆமா இன்னும் கூப்பிடலையேன்னு ஞாபகம் வந்துச்சு."

என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் நடந்துச்சு தம்பி. எழுதுனா ரெண்டையும் எழுதிக்குங்க."

நான் சொல்லிக்கொண்டு வந்த மூன்றில் ஒன்று போய்விட்டது. அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவன் நான். மறுபக்கத்துச் சாட்சியை அவரே சொல்லிவிட்டார். கீழே கிடங்கில் யாரோ பைப்புகளை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது எதையாவது சொல்ல வேண்டுமே என்று, சொல்லியிருக்கவே தேவையில்லாத ஒன்றைச் சொன்னேன். "இன்னொரு தப்பும் இருக்கும்மா. அது பிரைவேட் கம்பெனி. தொடர்பு இருக்குன்னு சொல்லிட்டா போதும், நீங்க உள்ளயே இருந்து பேசியிருக்கலாம். வெளிய போக வேண்டிய அவசியமே இல்ல. சார் வெள்ளிக்கிழமை சொன்னார்."

"போயிருக்கவே வேணாமா?"

"வேணாம்மா."

அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமானது. சிரிப்பு இருமலாகி, மருமகள் எழுந்து தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"நம்ம கம்பெனியும் பிரைவேட்டுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப என்னைப் பத்திப் பேசறப்ப நானும் இங்கயே உக்காந்திருக்கலாம்."

ரஃபீக் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். உள்ளே டைப் செய்த ஒரு தாள், பேனா.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல" என்றார் நஜீமா அம்மா. "முப்பது வருஷமாப் போடற கையெழுத்துதான். உங்க அத்தா கை காட்டுன எடத்துல போட்டேன். அவருக்கு அப்புறம் நீ கை காட்டுன எடத்துல போட்டேன். என்ன ஏதுன்னு படிச்சுட்டுப் போட்டது ஒண்ணுகூட இல்ல. இது கடைசி. இதையாவது தெரிஞ்சு போடறேன்." என் பக்கம் திரும்பினார். "ராஜினாமா பாடம் எப்ப தம்பி?"

"நாளைக்கும்மா."

"நாளைக்குப் படிச்சுட்டு செவ்வாக்கிழமை போடறேன். இன்ஷா அல்லா."

"நாளைக்குப் படிச்சது செவ்வாக்கிழமை ஞாபகம் இருக்குமாம்மா?" என்று கேட்டார் ரஃபீக். குத்தலாகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

அவர் யோசித்தார். "அப்ப நாளைக்கே போட்டுடறேன். வீட்டுக்கு வந்ததும். ஞாபகம் இருக்கறப்பவே."

ரஃபீக் உறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனைவி அவரைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஆட்டோ வேணாம். நானே கூட்டிட்டு வர்றேன், வெளியிலயே இருக்கேன், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் கடைசியாக. "நாளைக்கு மட்டும். அதுக்கு அப்புறம் பாக்கலாம்."

அதற்கு அப்புறம் என்ன என்று நஜீமா அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "கோரம் இருந்துச்சு இல்ல?" என்றார். மூன்று பேர் குடும்பத்தார், ஒருவன் வெளியாள். இருந்தது என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை, சமயபுரம் போகும் கூட்டம், மஞ்சள் புடவைகள், தோளில் தூங்கும் குழந்தைகள். நான் நல்லது செய்தேனா என்று தெரியவில்லை. வகுப்பை மீட்டுக் கொடுக்கப் போனவன், ஒரு நாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் இருட்டில் நடந்ததை அவர் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. போகாமல் இருந்திருந்தால் திரைக்குப் பின்னாலேயே இருந்திருப்பார். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், விடை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

புதன்கிழமை மினிட்ஸை இப்போதுதான் முடித்தேன். 'விவாதம் முடிந்த பின் செயலர் அவரை அழைக்கத் தவறினார்' என்று எழுதினேன். இரண்டையும் எழுதச் சொன்னார் அவர். மினிட்ஸில் அறைக்குள் நடந்ததுதான் வரும். வராந்தா அறைக்கு வெளியே. அதனால் அந்த இரண்டாவதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நாளை: வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், நஜீமா அம்மாவின் நாற்காலியைத் துடைத்து என் பக்கத்தில், விசிறிக்குக் கீழே போட வேண்டும். வராந்தாவில் ரஃபீக்குக்கு ஒரு நாற்காலி. ராஜினாமா பாடத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துப் போக வேண்டும். வகுப்பு முடிந்ததும் முன் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும்.